மாடி வக்கீல் சொன்ன சட்டம்

என் மனைவி சொன்ன சட்டம் உண்மைதானா என்று பன்னிரண்டு வருடமாக எனக்குச் சந்தேகம். கேட்கத்தான் துணிவில்லை.

நான் நூலக ஊழியன். என் மேசைக்குப் பின்னால் 'பிரதி எடுக்கக் கூடாது' என்று பலகை தொங்கும். அந்த நாளில் வீட்டில் நான் செய்ததெல்லாம் பிரதி எடுப்பதுதான். ஒவ்வொரு சினிமா டிஸ்க்கும் காசு கொடுத்து வாங்கியது. ஒவ்வொன்றுக்கும் மூன்று பிரதி: கூடத்துக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று, அவை கீறிப்போனால் போட ஒன்று. அசலைத் துணியில் சுற்றி, பீரோவில் மனைவியின் துணிகளைத் தள்ளிவிட்டு வைப்பேன். ஞாயிறு முழுக்கக் கம்ப்யூட்டர் ஓடும். மின்சாரம் துள்ளுமென்று மிக்ஸி போட விடமாட்டேன். அவள் பேசினால், "உஷ், எண்பது சதவீதம்" என்பேன்.

ஒரு ஞாயிறு அவள் மாடியில் குடியிருந்த வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"குத்தமாம்."

"எது?"

"நீங்க பண்றதுதான். வாங்கினா பாக்கலாமாம். பிரதி எடுக்கக் கூடாதாம்."

"சொந்த உபயோகத்துக்குத்தானேடி! சந்தையில கடை போட்டா விக்கிறேன்?"

"அதையும் கேட்டேனே. பூட்டை ஒடைச்சுட்டு, உள்ள ஒக்காந்து பாக்கத்தான் ஒடைச்சேன்னு சொன்னா விட்டுடுவாங்களான்னாரு."

"ஒண்ணு ரெண்டுன்னா..."

"மொத்தம் எத்தனை?"

"நூத்தி இருபத்தாறு."

"ஐயையோ! வாசக் கதவைச் சாத்துங்க மொதல்ல!"

அன்றே கத்தரிக்கோலால் எல்லாப் பிரதிகளையும் வெட்டினேன். கட்டைவிரலில் கொப்புளம் வந்தது. அவள் மிக்ஸி போட்டாள்.

அதன்பின் மாடிப்படியில் வக்கீலைக் கண்டாலே கூனிக் குறுகிப்போவேன். அவரோ தோளைத் தட்டி, "இப்ப வீட்டுல எல்லாம் சரியா இருக்கா?" என்பார். திருடனிடம்கூட எவ்வளவு கனிவு! நூலகத்தில் சட்டப் புத்தகம் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது. திறக்கவில்லை. குற்றம் என்றிருந்தால் நான் திருடன். இல்லை என்றிருந்தால் அவள் பொய்க்காரி. இரண்டில் எதைத் தாங்குவது?

போன வாரம் வக்கீல் வீடு காலி செய்தார். அவர் பெட்டியை இறக்கிக் கொடுத்துக்கொண்டே, "சார், அப்புறம் நான் ஒரு பிரதிகூட எடுக்கலை" என்றேன்.

"என்ன பிரதி?"

"சினிமா டிஸ்க். என் மனைவி உங்ககிட்ட கேட்டாளே, குத்தமான்னு."

"சினிமாச் சட்டம் எனக்கென்ன தெரியும்? நான் விவாகரத்து கேஸ் மட்டும்தானே பாக்கறேன். அவங்க அன்னைக்கு அழுதுட்டே வந்தாங்க. நான்தான், இன்னும் ஒரு ஞாயித்துக்கிழமை பொறுத்துப் பாரும்மான்னு அனுப்பிச்சேன்."

பெட்டியைக் கீழே வைத்தேன். எந்த ஞாயிறும் நான் அவள் முகத்தைப் பார்த்ததாக நினைவில்லை.

உள்ளே வந்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வக்கீல் கிளம்பிட்டாரா? ஏதாவது சொன்னாரா?"

பன்னிரண்டு வருடக் கேள்வி தொண்டை வரை வந்தது. அவள் மடிப்பதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் கேட்டேன்:

"மீதித் துணிய நான் மடிக்கட்டுமா?"