பச்சையாகிப் போன மாணிக்கம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு (இன்னும் அப்படி அழைக்கலாம் என்ற நம்பிக்கையில்),

நலம். தாங்களும் வீட்டம்மாவும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். அன்று நான் தொலைபேசியில் கத்தியதிலிருந்து தாங்கள் என் அழைப்பை எடுப்பதில்லை. நியாயம்தான். "கல்ல மாத்திட்டீங்களே, நீங்கல்லாம் ஒரு குடும்பமா?" என்று எந்தப் பெண்ணைப் பெற்றவனாவது கேட்பானா? நான் கேட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். இதைப் பாதியில் துண்டிக்க முடியாதல்லவா?

நடந்தது இதுதான். நிச்சயத்தன்று தாங்கள் என் மகளுக்குப் போட்ட மோதிரத்தில் இருந்தது சிவப்புக் கல். மாணிக்கம், சூரியனுக்கு உரியது, போட்டவள் சொல் எங்கேயும் எடுபடும் என்று சாப்பாடு ஆறும்வரை தாங்கள் விளக்கியதை நான் மறக்கவில்லை. மோதிரம் விரலுக்குப் பெரிதாக இருந்ததால் மாப்பிள்ளை வாங்கிப் போய்ச் சிறிதாக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். பார்த்தால் கல் பச்சை! நான் பெயின்ட் கடையில் தலை நரைத்தவன். வெள்ளையிலேயே பத்து வெள்ளை பிரித்துச் சொல்பவன். மகளைக் கேட்டிருக்கலாம். ஆனால் புகப்போகும் வீட்டைப் பற்றி இப்போதே சந்தேகம் கிளப்பினால் அவள் மனம் நோகுமே என்று நேராகத் தங்களிடமே பாய்ந்துவிட்டேன். "வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களா? கல்யாணம் நின்னு போச்சுன்னா அவ மூஞ்சில எப்படி முழிப்பீங்க?" என்று மனைவி அழுத பிறகுதான் எனக்கு உறைத்தது.

மகள் குளிக்கப் போகும்போது மோதிரத்தைக் கழற்றி அலமாரியில் வைப்பாள். அதற்குள் அதை எடுத்துக்கொண்டு கல் பரிசோதிக்கும் இடத்துக்கு ஓடிப்போய் வர நேரம் போதாது. எனவே பெயின்ட் கடை நிற அட்டையைக் கல்லுக்குப் பக்கத்தில் பிடித்து, பொருந்திய கட்டத்தில் பேனாவால் வட்டம் போட்டுக்கொண்டு, ரத்தினக் கல் பரிசோதிக்கும் அம்மாவிடம் போனேன். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, இது செவுத்துக்கு அடிக்கிறது. கல்லு எங்க?"

"கல்லு விரல்ல இருக்குங்க. நிறத்த வச்சு சொல்ல முடியாதா?"

"நிறத்த மட்டும் வச்சு யாராலயும் சொல்ல முடியாதுங்க" என்றவர், ஆரம்பித்தார் பாருங்கள்! சிவப்பு என்றால் மாணிக்கமாகவும் இருக்கலாமாம், கார்னெட்டாகவும் இருக்கலாமாம், ஸ்பைனலாகவும் இருக்கலாமாம். பச்சை என்றால் மரகதமோ, பெரிடாட்டோ, டூர்மலினோ. மாணிக்கமும் நீலக்கல்லும் ஒரே வயிற்றுப் பிள்ளைகளாம். சிவப்பாகப் பிறந்தால்தான் மாணிக்கம், வேறு எந்த நிறத்தில் பிறந்தாலும் நீலக்கல்லாம். மஞ்சள் நீலக்கல் உண்டாம், பச்சை நீலக்கல்லும் உண்டாம்! என் கடைக்கு வந்து ஒருவன் மஞ்சள் நீலம் கேட்டிருந்தால் முகத்தில் தண்ணீர் தெளித்து உட்கார வைத்திருப்பேன். கல்லுக்குள் இருக்கும் கோடுகளையும் புள்ளிகளையும் பூதக்கண்ணாடியில் பார்த்து எந்தச் சுரங்கத்தில் பிறந்தது என்றுகூட ஊகிக்கலாமாம். என் அட்டையில் ஒரு புள்ளியும் இல்லை.

தலை சுற்றி எழுந்தவன் கடைசியாக, "ஒரே கல்லு செவப்பாவும் பச்சையாவும் இருக்குமாங்க?" என்று கேட்டேன். "ஏன் இருக்காது? அலெக்ஸாண்ட்ரைட்டுன்னு ஒண்ணு இருக்கு. பகல் வெளிச்சத்துல பச்சை, குண்டு பல்பு வெளிச்சத்துல செவப்பு" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நிச்சயம் நடந்தது விளக்கு வெளிச்சத்தில் அல்லவா! வீட்டுக்கு வந்து, பரணிலிருந்த குண்டு பல்பைத் தேடி மாட்டி, மகள் குளிக்கப் போன நேரத்தில் மோதிரத்தைப் பார்த்தேன். பச்சையாகத்தான் இருந்தது. இமைக்காமல் உற்றுப் பார்த்தேன். ஓரத்தில் லேசாகச் சிவந்தது. சிவந்தது என் கண்தான் என்று மனைவி சொல்கிறாள். அவளுக்கு நிறம் பார்க்கத் தெரியாது.

ஆகவே தாங்கள் எதையும் மாற்றவில்லை. அரிய கல்லைப் போட்டுவிட்டு வெறும் மாணிக்கம் என்று அடக்கமாகச் சொன்ன பெருந்தன்மை எனக்குத்தான் புரியவில்லை. என்னை மன்னித்து, கல்யாணத்தை நடத்தித் தர வேண்டும். தங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம், மாப்பிள்ளைக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
வாய்க்கொழுப்பை எண்ணி வருந்தும்
பெண்ணின் தகப்பன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் மகள் இதைப் படித்துவிட்டாள். முதலில் சிரித்தாள், பிறகு திட்டினாள். "எனக்கு செவப்பு புடிக்காதுப்பா. அவர்கிட்ட சொன்னேன். ரெண்டு பேருமா கடைக்குப் போய் கல்ல மாத்திக்கிட்டோம். மாமா ஆசையா வாங்கினதுன்னு உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லல." ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம், மன்னிப்பைத் தவிர. கல்யாணம் நின்றுவிடுமோ என்று நாங்கள் இங்கே பதறிக்கொண்டிருக்க, அவர்கள் நமக்குத் தெரியாமல் சேர்ந்து முடிவெடுக்கவே பழகிவிட்டார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் மனம் கேட்காமல், "சரிம்மா, அது என்ன கல்லு? மரகதமா, பெரிடாட்டா, பச்சை நீலக்கல்லா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் கேக்கலப்பா" என்றாள். "பச்சைக் கல்லு. எங்க ரெண்டு பேருக்கும் புடிச்சிருந்துச்சு."