சுவரடி அம்மன்

பல் துலக்கக் கொள்ளிடக் கரைக்குப் போன நல்லதம்பி, துலக்காமலேயே வீட்டுக்குத் திரும்பி வந்தான்.

“நேத்து சுவத்துல இருந்த கல்லு இன்னிக்கு இல்ல,” என்றான் மனைவியிடம்.

“ஆத்துல உருண்டிருக்கும்.”

“ஆத்துல தண்ணியே இல்ல பொன்னுத்தாயி.”

“அப்ப யாரோ எடுத்திருப்பாங்க. பல்ல வெளக்கிட்டு வாங்க.”

வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய கருங்கல் சுவர் அது. ஐப்பசியில் கொள்ளிடம் புரண்டு வரும்போது ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே அது ஒன்றுதான் நிற்கும். இப்போது அதில் ஏகப்பட்ட ஓட்டைகள். எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை நல்லதம்பியின் வீட்டுக்கு நேர் எதிரே. வெள்ளம் வந்தால் முதலில் விசாரிப்பது அவன் வீட்டைத்தான்.

சுவரைப் பார்த்துப் போன ஓவர்சியர் கறாராகச் சொல்லியிருந்தார். “சிமெண்டு சர்க்கார் தரும். கல்லும் ஆளும் ஊர் தரணும். ஊர் ஒத்துழைக்கலன்னா மூட்டைய வேற ஊருக்கு ஏத்திடுவேன்.”

ஊரோ கல்லைத் தருவதற்குப் பதிலாக எடுத்துக்கொண்டிருந்தது.

நல்லதம்பி திருமானூரில் சைக்கிள் கடை வைத்திருந்தான். கடையிலிருந்த பெயிண்டைக் கொண்டு, ‘இங்கே கல் எடுப்பவர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று ஒரு தகரத்தில் எழுதிச் சுவரில் மாட்டினான். மறுநாள் தகரத்தைக் காணோம். பக்கத்து வீட்டு ராசாங்கத்தின் கோழிக்கூண்டுக்குப் புதுக் கதவு வந்திருந்தது. எழுத்துகள் தலைகீழாக நின்றன.

“இது என் போர்டுங்க.”

“அப்படியா? நல்ல தகரம்,” என்றார் ராசாங்கம். “அந்தப் பக்கத்துக்கும் ஒண்ணு வேணும். இன்னொண்ணு எழுதி மாட்டு தம்பி.”

சட்டத்துக்குப் பயப்படாத ஊர் வேறு எதற்குப் பயப்படும் என்று நல்லதம்பி யோசித்தான். ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துச் சுவர் முழுக்க மஞ்சளைப் பூசி, குங்குமப் பொட்டு வைத்து, வேப்பிலையைச் செருகிவிட்டு வந்தான்.

திருட்டு நின்றுவிட்டது. அவன் மனசுக்குள் தன் முதுகைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே தேங்காய்கள் வந்து சேர்ந்தன. எல்லோரும் சுவரின்மேலேயே ஓங்கி அடித்து உடைத்தார்கள். விரிசல் விட்டிருந்த இடம் பிளந்தது. உடையார்பாளையத்திலிருந்து வரும் பஸ்ஸில் கண்டக்டர், “சுவரடி அம்மன்லாம் எறங்கு” என்று குரல் கொடுத்தார். இறங்கியவர்கள் சுவரிலிருந்தே கல்லைப் பெயர்த்து அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைத்தார்கள்.

“ஆத்தா கல்லுல வச்சா சீக்கிரம் பொங்குதாம்,” என்று பொன்னுத்தாயும் ஒரு பானையோடு கிளம்பினாள்.

ஓவர்சியர் கொத்தனாரோடு வந்தபோது பெண்கள் கரையை மறித்து நின்றார்கள்.

“ஆத்தா மூஞ்சில சிமெண்ட அப்புவீங்களா?”

“இதாய்யா உங்க ஒத்துழைப்பு?” என்று ஓவர்சியர் நல்லதம்பியைப் பார்த்தார். “அடுத்த வாரம் ஒரு தடவை வருவேன். அதுக்கப்புறம் மூட்டை இருக்காது.”

சாமியைக் கொண்டுவந்தவன் சாமியைக் கொண்டே சரிசெய்ய வேண்டும். நல்லதம்பி, திருவிழாவுக்குத் திருவிழா அருள் வந்து ஆடும் அமாவாசையைத் தேடிப் போனான்.

“சிமெண்டு பூசுங்கடான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

“சாமி சிமெண்டுன்னு சொல்லுமாண்ணே?”

“சுண்ணாம்புன்னு சொல்லு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்.”

“சொல்றேன். ஆனா நெசமாவே சாமி வந்துட்டா நான் பொறுப்பில்ல.”

வெள்ளிக்கிழமை பம்பை அடித்ததும் அமாவாசை ஆடினான். “எனக்குச் சுண்ணாம்பு பூசுங்கடா” என்றான். நல்லதம்பி நிம்மதியாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அமாவாசை நிற்கவில்லை.

“என் எலும்பெல்லாம் உருவிட்டுப் போனீங்களேடா. கல்லத் திருப்பி வைக்காதவன் வூட்டுக்கு நானே ஆறா வருவேன்.”

இது ஒப்பந்தத்தில் இல்லை. ஆனால் பொழுது சாய்வதற்குள் கற்கள் திரும்பி வரத் தொடங்கின. துவைக்கிற கல் வந்தது. மாட்டுத் தொட்டிக்கு முட்டுக் கொடுத்த கல் வந்தது. பஞ்சாயத்துத் தலைவரின் குளியலறை, வைக்கோல் மூடிய வண்டியில் ரகசியமாக வந்தது. ராசாங்கம் வாசற்படியையே பெயர்த்துக் கொடுத்துவிட்டு, அன்றிலிருந்து குதித்துத்தான் வீட்டுக்குள் போனார். கோழிக்கூண்டுக் கதவும் வந்தது; சாமி தகரத்தைக் கேட்கவில்லை என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் வந்த ஓவர்சியர் தொப்பியைக் கழற்றிவிட்டார். “என் சர்வீஸ்ல இப்படி ஒரு ஒத்துழைப்பைப் பாத்ததில்ல.”

ஓட்டைகள் ஒவ்வொன்றாக அடைபட்டன. கடைசியாக நல்லதம்பியின் வீட்டுக்கு எதிரே இருந்த ஓட்டைக்கு வந்தபோது கல் தீர்ந்துபோயிற்று.

“இத அடைக்காம மத்ததப் பூசிப் பிரயோஜனமில்ல,” என்றார் ஓவர்சியர்.

இவ்வளவு தூரம் வந்து வீட்டை ஆற்றுக்குக் கொடுப்பதா? நல்லதம்பி மணல் மேட்டில் ஏறி நின்றான்.

“எவனோ இன்னும் கல்லப் பதுக்கி வச்சிருக்கான். எவன் வூடா இருந்தாலும் சரி, தாட்சண்யம் பாக்காம உள்ள பூந்து எடுப்போம். ஆத்தா மேல சத்தியம் பண்ணுங்க.”

ஊரே கையடித்துச் சத்தியம் செய்தது. ஆண்கள் கடப்பாரையைத் தோளில் வைத்தார்கள்.

சித்தாள் வேலை பார்த்துக்கொண்டிருந்த காத்தாயி, தலையிலிருந்த சாந்துச் சட்டியை மெதுவாக இறக்கி வைத்தாள்.

“உங்கப்பா உங்க வூட்டக் கட்டுறப்ப இந்த ஓட்டையில இருந்த கல்ல எல்லாம் நாந்தான் சொமந்தேன் தம்பி. மொதல்ல அடுப்பங்கரையப் பேக்கச் சொல்லவா, வாசலப் பேக்கச் சொல்லவா?”