கம்பெனி சாமான் அண்ணாச்சியின் லேப்டாப்

தூத்துக்குடியில் உப்புக் காற்று புகாத இடம் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது எங்கள் ஆபீஸ் கம்பெனி சாமான் அண்ணாச்சியின் லேப்டாப் பை.

பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பலில் சரக்கு ஏற்றுவதற்கான காகிதங்களைத் தயார் செய்யும் ஒரு சின்ன ஏஜென்சியில் நான் வேலை பார்த்தேன். அண்ணாச்சி அங்கே என்னைவிடப் பல வருஷம் சீனியர். அவருடைய உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. குடை, பேனா, பல் தேய்க்கிற பிரஷ் என்று எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும் "கம்பெனி சாமானா?" என்று கேட்பார். பேர் பெற்ற கம்பெனி செய்ததா என்று அர்த்தம். அதனால் பெயரே அதுவாகிப் போனது. அவருடைய அப்பா கப்பலில் வேலை பார்த்தவர். வெளியூர்த் துறைமுகம் ஒன்றில் அதிக விலை கொடுத்து அவர் வாங்கி வந்த ரேடியோ முப்பது வருஷம் பாடியதாம். அன்றிலிருந்து அண்ணாச்சிக்கு விலை குறைந்த எதன் மேலும் நம்பிக்கை கிடையாது.

ஆபீசில் எங்கள் எல்லோருக்கும் உள்ளூர்க் கடையில் சேர்த்துக் கட்டிய கம்ப்யூட்டர்கள். என்னுடையது விலாவில் ஒரு அடி வைத்தால்தான் கண் திறக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணாச்சி உச்சுக் கொட்டுவார். "அசெம்பிள் செட்டுங்கது, ஊரெல்லாம் பாத்திரம் எரவல் வாங்கிக் கல்யாணத்துக்குச் சமைக்க மாதிரி. ஒண்ணுக்கொண்ணு மூடி சேராது" என்பார்.

ஒருநாள் சொந்தக் காசில் ஒரு லேப்டாப் வாங்கி வந்தார். வெள்ளி நிறம், வெற்றிலை கனம். அந்த விலைக்கு ஒரு நல்ல பைக் வாங்கியிருக்கலாம் என்று ஆபீசே பேசியது. அவர் கண்டுகொள்ளவில்லை. லேப்டாப்பை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டார். அதை இன்னொரு உறையில் போட்டார். இரண்டையும் சேர்த்து மூன்றாவதில் போட்டு முடிச்சுப் போட்டார். ஈரம் உறிஞ்ச, ஊரில் புதுச் செருப்பு வாங்கியவர்களிடமெல்லாம் டப்பாவுக்குள் கிடக்கும் குட்டிப் பொட்டலங்களைக் கேட்டு வாங்கி உள்ளே அடுக்கினார். வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் அது வெளியே வரும். சார்ஜ் நிரம்பும்வரை கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். பிறகு உறைக்குள் போய்விடும்.

வேலை? அதற்கு என் பக்கத்து மேஜையில் இருந்த ஓட்டை டப்பாதான்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் மக்ரூன் தின்றுகொண்டே அந்தப் பக்கம் போய்விட்டேன். ஒரு துகள் மூடியில் விழுந்தது. அண்ணாச்சி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வாரத்திலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வீட்டிலிருந்து ஷேவிங் பிரஷ் எடுத்து வந்தார். மேனேஜர் பக்கத்து ஊரான நாசரேத்துக்காரர், கறாரான மனிதர். அவரே ஒரு தடவை, அவசரமாக ஒரு மெயில் அனுப்ப வேண்டும் என்று அதைக் கேட்டார். "அது இன்னும் ஆளுகளோட பழகல சார்" என்று சொல்லிவிட்டார் அண்ணாச்சி. வாங்கி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

ஒரு மழைநாள் காலை. மேனேஜர் சுங்க அலுவலகத்துக்குப் போயிருந்தார். துறைமுக கேட்டிலிருந்து லாரி டிரைவர் போன் செய்தார். உறைய வைத்த இறால் ஏற்றிய கண்டெய்னரை உள்ளே விடமாட்டேன் என்கிறார்களாம். காகிதத்தில் எடை தப்பு. எடுத்துப் பார்த்தேன். இருபத்தோராயிரத்துச் சொச்சம் கிலோவை, முதல் இரண்டு எண்களை இடம் மாற்றிப் பன்னிரண்டாயிரம் என்று அடித்திருந்தேன். மத்தியானம் ஒரு மணிக்குள் திருத்தி அனுப்பாவிட்டால் கப்பல் போய்விடும். ஏற்கெனவே என் பெயரில் இரண்டு தப்பு. மூன்றாவது வந்தால் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம் என்று மேனேஜர் சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அப்போது எங்கள் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது என் சம்பளம் ஒன்றுதான்.

திருத்த உட்கார்ந்தேன். ஒரு இடி. கரண்ட் போனது. யு.பி.எஸ். ஒரு கருகல் வாடையை விட்டுவிட்டு அதுவும் போனது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், பிரவுசிங் சென்டர்கள் எல்லாம் இருட்டு. படிவங்கள் இருந்த பென்டிரைவைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னளா?" என்றார் அண்ணாச்சி. சொன்னேன்.

எழுந்து போனார். சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தார். அந்த நேரத்திலும். வெளி உறையின் முடிச்சு ஒன்றரை வருஷப் பழக்கத்தில் இறுகிக் கிடந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார். லேப்டாப்பைத் திறந்து பட்டனை அமுக்கினார். வெளிச்சம் வந்தது. உங்கள் மொழி என்ன, நாடு எது, பெயர் என்ன என்று வரிசையாகக் கேட்டது.

"அண்ணாச்சி, இவ்வளவு நாளா ஒங்க பேருகூட இதுக்குத் தெரியாதா?"

"சார்ஜ்தானளா போட்டேன். தெறக்கல."

பெயர் கேட்ட இடத்தில் அவசரத்துக்குக் 'கம்பெனி' என்று நானே அடித்தேன். பென்டிரைவைச் செருகப் போனால் அதற்கு இடமே இல்லை. இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தேன். எறும்புப் புற்று மாதிரி குட்டித் துளைகள்தான் இருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணாச்சி பையின் அடியில் கைவிட்டு ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். அதை இணைப்பதற்கான சாமான். அதுவும் கம்பெனிதான், அதுவும் சீல் பிரிக்காதது. ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு கிழித்தார்.

என் போனிலிருந்து இன்டர்நெட் கொடுத்து, எடையைத் திருத்தி, அனுப்பி முடித்தபோது மணி பன்னிரண்டே முக்கால். அதற்குப் பிறகு வந்த பத்து நிமிஷம் என் ஆயுளிலேயே நீளமானது. டிரைவர் கூப்பிட்டார். "அக்கா, உள்ள விட்டுட்டாங்க." தரையில் உட்கார்ந்து சிரித்தேன். அண்ணாச்சி டீ வாங்கி வந்து, ஒரு டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டு, தன்னுடையதை லேப்டாப் பக்கத்திலேயே வைத்தார்.

சாயங்காலம் மேனேஜர் வந்தார். கப்பல் போன செய்தி அவருக்குக் கிடைத்திருந்தது. எடை தப்பாகப் போன செய்தியும் கிடைத்திருந்தது. யார் அடித்தது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி எழுந்தார்.

"நான்தான் சார். இவளுக்கு வேல நெறைய கெடந்துச்சுன்னு என் மெஷின்ல அடிச்சுக் குடுத்தேன். அது நம்பர மாத்திப் போட்டுட்டு."

மேனேஜர் அந்த வெள்ளி நிற லேப்டாப்பைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "இதுக்கா ஓய் அம்புட்டு வெல குடுத்தீரு?"

அந்த லேப்டாப்பை ஒரு குறை சொன்னால் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாதவர் அண்ணாச்சி.

"என்ன செய்ய சார்" என்றார் அண்ணாச்சி, தரையைப் பார்த்துக்கொண்டு. "வெலதான் பெருசு. சாமான் அவ்வளவு சரியில்ல."

மேனேஜர் சிரித்துவிட்டு உள்ளே போனார். கோபம் அந்தச் சிரிப்போடு போயிற்று. என் வேலை பிழைத்தது.

கூடுதல் விலை கொடுத்து லேப்டாப் வாங்கலாமா என்று இப்போதும் என்னிடம் சிலர் கேட்கிறார்கள். எனக்கு ஒழுங்கான பதில் சொல்லத் தெரிவதில்லை. அன்று நான் வீட்டுக்குக் கிளம்பி, வாசலில் செருப்பைப் போட்டபடி திரும்பிப் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டால் அந்த லேப்டாப்பை மெதுவாகத் துடைத்துக்கொண்டிருந்தார், அதனிடம் மன்னிப்புக் கேட்பதுபோல.