மாப்பிள்ளை மூக்கில் விழுந்த அட்சதை

வேலை தெரிந்தவனிடம் பொறுப்பைக் கொடுக்கலாம். வேலை தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறவனிடம் மட்டும் கொடுக்கக் கூடாது. என் தங்கை கல்யாணத்தில் அட்சதை கலக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

அப்போது நான் ஒரு மாத்திரை கம்பெனியில் பொடி கலக்கும் பிரிவில் இருந்தேன். (அனுபவம் ஆறு மாதம். பேச்சில் ஆறு வருஷம்.) முதல் நாள் சாயங்காலம், பெரிய மார்க்கெட்டில் வாங்கிய மஞ்சள்தூளைப் பச்சரிசியில் கொட்டிக் கிளறினேன். அரிசி வெள்ளையாகவே இருந்தது. மஞ்சள் தாம்பாளத்தின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"நாலு சொட்டு தண்ணி தெளிச்சுப் பெசறி, காய வுடுடா," என்றாள் சித்தி.

"எனக்கே மிக்சிங் சொல்லித் தரியா சித்தி?" என்று ஒரு டம்ளர் ஊற்றினேன்.

நிறம் அபாரமாகப் பிடித்தது. துளி ஈரம் இருந்தால் மஞ்சள் அரிசியோடு ஒட்டும், மிஞ்சினால் அரிசியும் அரிசியுமே ஒட்டிக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியும். கம்பெனியில் பொடியை ஈரப்படுத்திக் குருணையாக்கத்தான் எனக்குச் சம்பளமே. ஆனாலும் (வெளியே ஐப்பசி மழை வேறு) காய வைக்காமல் டப்பாவில் அழுத்தி மூடிவிட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா சகுனம் பார்ப்பவர். பல்லி கத்தியதற்காக நிச்சயதார்த்தத்தையே தள்ளிப்போட்டவர். முகூர்த்த நேரத்தில், டப்பாவில் மேலாக இருந்ததைச் சித்தி உதிர்த்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டாள். மாப்பிள்ளை தாலியோடு குனிந்தார். நான் அடியிலிருந்து அள்ளி, அண்ணன் என்ற உரிமையில் பலமாகவே வீசினேன். எலுமிச்சம்பழ அளவு உருண்டை ஒன்று நேராகப் போய் அவர் மூக்கில் மோதியது. தாலி கைநழுவித் தங்கை மடியில் விழுந்தது.

மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். தங்கை என்னை நிமிர்ந்து பார்த்தாள். என்னால் இவள் கல்யாணம் நின்றுவிடுமோ என்று உண்மையிலேயே பயந்துவிட்டேன்.

அந்த அம்மா உருண்டையைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தார். உடையவில்லை. இன்னும் அமுக்கினார்.

"ஒண்ணோட ஒண்ணு இன்னாமா ஒட்டிக்கினு இருக்குது பாரு," என்றார் மகனிடம். "குடும்பம் பிரியாது. நல்ல சகுனம்டா. கட்டு."

மேளம் முழங்கியது. நான் அழுதே விட்டேன். (அண்ணன் பாசம் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.)

அன்றிலிருந்து அவர்கள் சொந்தத்தில் யார் கல்யாணமானாலும் முதல் உருண்டை என் கையால்தான். போன மாதம் வீராம்பட்டினத்துக் கல்யாணத்துக்கு மட்டும், தொழில் மானத்தைக் காப்பாற்ற, நாலே சொட்டுத் தெளித்துக் காயவைத்து, உதிரி உதிரியாக அட்சதை கொண்டுபோனேன்.

அந்த அம்மா டப்பாவுக்குள் கையை விட்டு அளைந்து பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"இன்னா தம்பி, இப்பிடி உதிருது? கம்பெனி வேலை போயிடுச்சா?"