அக்கா படத்தின் குறுக்கே ஒரு கேள்வி

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதாவது, எனக்குத் தெரியாது என்று கண்டுபிடிக்கக்கூடிய ஆள் வீட்டில் வேறு யாரும் இல்லை. இந்த ஒரே தகுதியை வைத்துக்கொண்டு, இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில், திருவனந்தபுரம் கரமனையில் நான் ராஜாங்கம் நடத்திக்கொண்டிருந்தேன்.

அப்போது அமெரிக்காவிலிருந்து வந்த மாமா எனக்கு ஒரு டிஜிட்டல் கேமரா கொடுத்தார். தள்ளுபடியில் வாங்கியதாம். அதைச் செய்த கம்பெனியை மூடிவிட்டார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. ஆஸ்பத்திரி லேபில் அவளுக்கு வேலை. அதுவரை வந்த மூன்று பேரும் முதலில் கேட்டது, வேலையை எப்போது விடுவாள் என்றுதான். மூவரையும் அவளே வேண்டாம் என்றுவிட்டாள். நான்காவதாக வந்தவர் நாகர்கோவில்காரர், மஸ்கட்டில் இஞ்சினியர். ஒரு வருடத்தில் திருவனந்தபுரத்துக்கே வந்துவிடுவதாகவும், பெண் வேலையை விட வேண்டாம் என்றும் அவரே சொல்லியனுப்பியிருந்தார். இந்த வரன் தகைய வேண்டும் என்று அக்கா வாயால் சொல்லவில்லை. ஆனால் போன் மணி அடித்தால் முதலில் ஓடியது அவள்தான்.

ஜாதகம் பொருந்திவிட்டது. பையன் ஒரு படம் மட்டும் கேட்டார். ஆடி பிறக்க நான்கே நாள். (ஆடி என்று தமிழர்கள் ஒதுக்கினால், கர்க்கடகம் என்று மலையாளிகளும் ஒதுக்குவார்கள். எங்கள் ஊரில் அந்த மாதத்தில் எந்த மொழியிலும் கல்யாணம் பேச முடியாது.)

"ஸ்டூடியோல போயி ஒரு படம் எடுத்து கூரியர்ல அனுப்பினா என்னடே?" என்றாள் அம்மா.

"அது மஸ்கட் போய்ச் சேரதுக்குள்ள ஆடி பிறந்துரும். நான் ரெண்டு மணிக்கூர்ல அனுப்பித் தாரேன்."

சாலைக் கடைத்தெருவில் வத்தல் மொத்த வியாபாரம் செய்யும் அப்பா பேப்பரிலிருந்து தலையெடுக்காமல், "நல்லதா ஒண்ணு அனுப்பு. சாம்பிள் நல்லா இருந்தாத்தான் சரக்கு போவும்" என்றார்.

"நான் என்ன வத்தலாப்பா?" என்றாள் அக்கா.

காலை வெளிச்சத்தில் மாடிப்படியில் நிறுத்தி இருபது படம் எடுத்தேன். உண்மையைச் சொன்னால், நன்றாகவே வந்திருந்தது. கேமராவின் குட்டித் திரையில் ஒன்றைப் பார்த்துவிட்டு அக்கா, "இது பரவாயில்லடே" என்றாள். என்னிடம் அவள் அதற்கு மேல் எதையும் புகழ்ந்ததில்லை.

கேமராவைக் கம்ப்யூட்டரில் செருகினேன். இது என்ன பொருள் என்றே தெரியவில்லை என்றது கம்ப்யூட்டர். கூட வந்த சிடியைப் போட்டேன். அது எங்கள் விண்டோஸுக்கு அடுத்த தலைமுறைக்கான சிடி. மூன்று தடவை போட்டேன், மூன்று தடவையும் கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினேன். நெட் சென்டருக்குப் போய் கம்பெனியின் பக்கத்தைத் தேடினால், பக்கமே இல்லை. வேறொருவனாக இருந்தால் அப்போதே ஸ்டூடியோவுக்குப் போயிருப்பான்.

நான் திரும்பி வரும் வழியிலேயே ஒரு யோசனையைப் பிடித்துவிட்டேன். கேமராவோடு ஒரு மஞ்சள் வயர் வந்திருந்தது. அதை டிவியில் செருகினால் படம் டிவியில் தெரியும். என் கம்ப்யூட்டரில் கிரிக்கெட் பார்ப்பதற்காக ஒரு டிவி கார்டு இருந்தது. டிவியில் ஓடுவதை அப்படியே படமாகப் பிடித்துவைக்க அதில் ஒரு பட்டன் உண்டு. ஆக, கேமரா காட்டும், கார்டு பிடிக்கும், இருவரும் ஒருவரையொருவர் அறிமுகம் செய்துகொள்ளவே வேண்டாம்! அன்று என்னை யாராவது பேட்டி எடுத்திருந்தால் கொடுத்திருப்பேன்.

வயரைச் செருகியதும் அக்கா கறுப்புவெள்ளையில் கீழிருந்து மேலாக ஓடினாள். அமெரிக்க டிவி முறை வேறு என்பது ஞாபகம் வந்து அதை மாற்றினேன். நின்றாள், நிறமும் வந்தது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

முதல் படத்தில் அக்காவின் நெற்றிக்கு மேல் சிவப்பாக ஒரு பேட்டரி அடையாளம். இரண்டாவதில் காதோரம் தேதி. கேமராவின் பட்டன்களை ஒவ்வொன்றாக அழுத்தி அவற்றை மறைத்தேன். மூன்றாவது படம் சுத்தமாக வந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் ஒன்று பளிச்சென்று எடுப்போம் என்று ஒரு கையால் கேமராவில் எதையோ அழுத்தி, மறு கையால் மௌஸை அழுத்தினேன். அந்நேரம் அம்மா சாப்பிடக் கூப்பிட்டதால் திரையைப் பார்க்காமலே சேமித்துவிட்டு எழுந்துபோனேன்.

சாயங்காலம் நான்கையும் பிளாப்பியில் போட்டு நெட் சென்டருக்குக் கொண்டுபோனேன். கடைசியாக எடுத்ததுதானே சிறந்ததாக இருக்கும்? நான்காவதை அனுப்பினேன். திறந்து பார்க்கவில்லை. (நான் எடுத்த படத்தை நானே சந்தேகப்படுவதா?)

இரண்டாம் நாள் பதில் வந்திருக்கிறதா என்று பார்க்க அக்காவும் கூட வந்தாள். வந்திருந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தார். "படம் கிடைத்தது. ஒரு சந்தேகம். படத்தில் இருக்கும் கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டுமா?"

"என்ன கேள்விடே?" என்றாள் அக்கா.

எனக்கும் தெரியவில்லை. அனுப்பிய படத்தைத் திறந்தேன். அந்தக் கால இணைப்பில் படம் மேலிருந்து கீழாக மெதுவாகத்தான் இறங்கும். வகிடு வந்தது, கண் வந்தது, அக்காவின் அழகான சிரிப்பு வந்தது. அதற்குக் கீழே, அவள் கழுத்துக்குக் குறுக்கே, ஒரு சாம்பல் நிறப் பெட்டி வந்தது. அதில் 'டிலீட்?' என்று ஆங்கிலத்தில் கேட்டு, அடியில் 'எஸ்', 'நோ' என்று இரண்டு கட்டங்கள். 'எஸ்' மேல் மஞ்சள் நிறம் ஏறியிருந்தது.

அக்கா என்னைத் திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் திட்டவில்லை. "இவரையாச்சும் போவவிடக் கூடாதுன்னு இருந்தேன்டே" என்று மெல்லச் சொன்னாள். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று வாழ்க்கையில் முதன்முறையாக எனக்கே தோன்றியது. அவள் முகத்தைப் பார்க்கப் பயந்து, படத்தை மூடிவிட்டு அவர் கடிதத்தையே பார்த்தேன். அப்போதுதான் அவர் பதிலின் அடியிலும் ஒரு படம் இணைத்திருப்பது கண்ணில் பட்டது.

அதைத் திறந்தேன். முதலில் தலைமுடி வந்தது. (தரகர் சொன்னதைவிடக் கொஞ்சம் குறைவு.) பிறகு கண்ணாடி, மீசை. அதற்குக் கீழே, மௌஸால் கோணல்மாணலாக வரைந்த ஒரு பெட்டி. அதிலும் 'டிலீட்?', அதிலும் 'எஸ்', 'நோ'. எதன் மேலும் நிறம் இல்லை. படத்துக்குக் கீழே, "என் பதில் நோ. உங்கள் பதிலைத் தெரிந்துகொள்ளாமல் நான் ஊரில் யாரிடமும் பேசப்போவதில்லை" என்று எழுதியிருந்தார்.

அக்கா இரண்டு தடவை படித்தாள். "நகருடே" என்றாள்.

"டைப் அடிக்க நான் வேணும்னா..."

"மிண்டாம வெளியே போயி நில்லு."

நின்றேன். பதில் எழுத அவளுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. அனுப்பிய கையோடு அதை அழித்தும் விட்டாள்; என்ன எழுதினாள் என்பது இன்றுவரை எங்கள் யாருக்கும் தெரியாது. ஆவணியில் கல்யாணம் நடந்தது. ஸ்டூடியோக்காரர் படம் எடுத்தார். என்னைப் பந்தியில் பாயசம் விளம்ப விட்டார்கள்.

ஸ்டூடியோக்காரரின் ஆல்பம் பீரோவுக்குள் இருக்கிறது. அந்த இரண்டு படங்களும்தான் கண்ணாடி போட்டு அவர்கள் வீட்டு ஹாலில் தொங்குகின்றன. சண்டை வரும்போது இருவரும் பேசிக்கொள்வதில்லை. கோபம் தணிந்தவர் மற்றவரின் படத்துக்கு முன்னால் போய் நின்று 'நோ' என்ற கட்டத்தை விரலால் ஒரு தட்டு தட்டுவார். அந்த இடத்தில் கண்ணாடி மங்கிப்போயிருக்கிறது. அத்தான் படத்தில்தான் மங்கல் கொஞ்சம் அதிகம்.

போன மாதம் போயிருந்தேன். அத்தான் தன் புது போனையும் பழைய கம்ப்யூட்டரையும் வைத்துக்கொண்டு திணறிக்கொண்டிருந்தார். "மாப்ளே, படம் ஏற மாட்டேங்குது, கொஞ்சம் பாரும்" என்றார். நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அடுக்களையிலிருந்து அக்கா குரல் வந்தது: "அவன் கையில குடுக்காதீங்க. இந்தத் தடவை 'எஸ்'னு அழுத்திருவான்."