இடப்பாதியின் வாசல்

சேசு மரி சூசை

கொட்டாஞ்சேனை,
மார்ச் 1939

மன்னாரில் வாழும் என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய நவரத்தினம் மாமா அவர்களின் சமுகத்துக்கு, மருமகன் லியோ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. மாமியின் முழங்கால் வலி தணிந்து நீங்கள் இருவரும் நலமாயிருக்க மன்றாடுகிறேன். இங்கே பிலோமினா அக்கா சுகம், செலீன் சுகம், நானும் சுகம். ஆனால் மூவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. அதன் விபரம் கீழே.

ஒரு கதவு வெட்டுவதற்கு இத்தனை நாளா, மருதானையில் கட்டடப் படம் கீறப் படித்தது இதற்குத்தானா என்று கேட்டிருந்தீர்கள். கோபிக்காமல் கேளுங்கள் மாமா. அப்பா காலமானதும் இந்த வீட்டை நடுவால் பிரித்து, வலப்பாதி அக்காவுக்கு, இடப்பாதி செலீனுக்குச் சீதனம் என்று உறுதிப்பத்திரம் எழுதுவித்தது நீங்கள். தெருவாசல் முழுவதும் வலப்பாதிக்குள் போய்விட்டதைக் கவனியாமல் விட்டதும் நீங்கள். பாஸ்குத் திருநாள் முடிந்ததும் செலீனுக்குக் கலியாணம். மாப்பிள்ளை ஒஸ்வால்ட் நல்ல பிள்ளை, பாய் போட்ட இடத்தில் படுப்பான், தாயார் அப்படியல்ல. வீட்டைப் பார்க்க வந்தவர் இடப்பாதியைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு, “எல்லாம் சரி தம்பி, இந்த வீட்டுக்குள்ள எப்பிடிப் போறது?” என்றார். பின் ஒழுங்கையைக் காட்டினேன். “பின்பக்கத்தால வாறதுக்கு என்ர மகன் என்ன பாண் விக்கிறவனே? முன்வாசல் இல்லாட்டி இந்தக் கதையை இதோட விடுவம்” என்று குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார். செலீன் அன்று சாப்பிடவில்லை.

வெட்டிவிடலாம் என்றுதான் நானும் இருந்தேன். கதவுக்கு மேலே சுவரைத் தாங்குவதற்குத் தெமட்டகொடையிலிருந்து பழைய தண்டவாளத் துண்டுகள்கூடக் கொண்டுவந்து போட்டாயிற்று. ஆனால் எங்கள் தெரு ஒல்லாந்தர் காலத்துத் தெருவாம், அதன் முகப்பைக் காக்க இப்போது ஒரு சபை உண்டாகியிருக்கிறது. சட்டம் சிறியது, தப்ப இடமில்லாதது: தெருவிலிருந்து கண்ணுக்குத் தெரியும் எதையும் மாற்றக்கூடாது; ஆதியில் இருந்து மறைந்துபோனதைத் திரும்பக் கொண்டுவரலாம்; அப்படிக் கொண்டுவந்தால், அதற்குப் பதிலாகப் பின்னால் வந்ததை எடுத்துவிட வேண்டும். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலுக்குப் பச்சைப் பெயின்ற் அடித்துவிட்டு, இப்போது கிழமைக்கணக்காக அதைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். சபைக்குக் காரியதரிசி ஹோப்மன் என்ற பறங்கி முதியவர். இந்தத் தெருவிலேயே பிறந்தவராதலால் நம்மைப்போலவே தமிழ் கதைக்கிறார். நான் படத்தை விரித்து, “இதென்ன அரண்மனையே சேர்? வெறும் செம்மண் கபுக்கல்லும் சுண்ணாம்பும். இவ்வளவு மழைக்கும் இடியாமல் நிக்கிறதே அதிசயம்” என்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “அதிசயம் எண்டு நீரே சொல்லுறீர். அதிசயத்தை வெட்டலாமோ தம்பி?” என்றார். கடைசியில், பூச்சைக் கொஞ்சம் சுரண்டிச் சுவரின் பலத்தைப் பார்ப்பதற்கு மட்டும் உத்தரவு கிடைத்தது. பலமில்லை என்று காட்டிவிட்டால் வெட்டுவதற்கு வழி பிறக்கும் என்பது என் எண்ணம்.

மேசன் சிமியோன் பாஸ் உளியை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழுந்தது. உள்ளே ஒரு வளைவு, மாமா. எப்படி எழுதுவதென்று தெரியவில்லை, நான் கீறிக்காட்டத்தான் லாயக்கு, அதையும் இரண்டு தரம் கீறிக் கிழித்துவிட்டேன். ஆப்புப்போலச் செதுக்கிய கற்கள் இரண்டு பக்கத்தாலும் ஏறி, உச்சியில் ஒரு நடுக்கல்லில் வந்து முட்டுகின்றன, இரும்பில்லை, மரமில்லை, ஒவ்வொரு கல்லும் விழப்பார்க்கிறது, விழப்பார்ப்பதாலேயே பக்கத்துக் கல்லை இறுக்கிக்கொண்டு நிற்கிறது. மூட்டுக்குள் என் பேனாக்கத்தியின் நுனி நுழையவில்லை. இந்தக் கணக்கை நான் சோதனையில் செய்து சித்தியடைந்தவன். ஆனாலும் கத்தியை மடித்துவிட்டு, முதல் தரம் பார்ப்பவன்போல ஒவ்வொரு கல்லாக எண்ணினேன். ஆள் அனுப்ப ஹோப்மன் ஐயா ஓடிவந்தார், பார்த்தார், தொப்பியைக் கழற்றினார், பிறகு நெடுநேரம் அதைத் தலையில் வைக்க மறந்துபோனார். வளைவுக்குள் அடைத்திருந்த கல்லை எடுத்துப் பார்க்கச் சொன்னார். எடுத்தால் வளைவு தலையில் விழும் என்று சிமியோன் பாஸ், “மாத்தயா, மட்ட பே!” என்று, தன்னால் முடியாதெனச் சிங்களத்தில் சொல்லி உளியை என் கையில் தந்துவிட்டு றோட்டின் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார். நானே எடுத்தேன். ஒரு மணல்கூட உதிரவில்லை. தெரு வெளிச்சம் முழுதாக உள்ளே வந்து செலீனின் பாதியில் விழுந்தது. ஏசுவதற்கென்றே வந்த ஒஸ்வால்டின் தாயார், கோயிலுக்குள் நுழைகிறவர்போலச் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, “இது வாசல்” என்றார்.

அதோடு நான் வாயை மூடியிருந்தால் கலியாணத்துக்குத் தடையே இருந்திருக்காது. மறைந்துபோன ஆதி வாசல் அகப்பட்டுவிட்டது, கொண்டுவரலாம், செலீனுக்குக் கதவும் கிடைத்தது, சட்டமும் சம்மதம். ஆனால் ஹோப்மன் ஐயா மெல்ல வலப்பாதிப் பக்கம் திரும்பி, “அப்ப அந்தக் கதவு?” என்றார். நான் படித்தவனல்லவா? “அதுவோ சேர்? பிற்காலத்து வேலை. எவனோ நல்ல சுவரைக் கொத்தி, ஒரு உத்திரத்தைச் செருகியிருக்கிறான். வெக்கக்கேடு” என்று உத்திரத்தைத் தட்டியும் காட்டினேன். சொல்லிமுடித்த பிறகுதான், பின்னால் வந்ததை எடுத்துவிட வேண்டும் என்ற சட்டத்தின் மூன்றாவது பங்கு என் மண்டையில் ஏறியது. அதற்கு முன்பே அது அக்காவின் மண்டையில் ஏறிவிட்டது.

“டேய் லியோ, என்ர கதவை அடைச்சுப்போட்டு என்ர பிள்ளையள் என்ன, கூரையால இறங்குறதே?”

“அக்கா என்ர வாசலால வரலாம்தானே?” என்றாள் செலீன். நல்ல மனத்தோடுதான் சொன்னாள்.

“உன்ர வாசலோ? நேற்றுவரைக்கும் நீ என்ர வாசலால வந்து போனனி!”

ஒஸ்வால்டின் தாயார் அன்றுதான் எங்கள் வீட்டில் முதன்முதலாகச் சிரித்தார். அன்றிலிருந்து அக்கா தன் கதவுக்குக் குறுக்கே கதிரையைப் போட்டு உட்கார்ந்து காவல் காக்கிறார். ஹோப்மன் ஐயாவோ சட்டத்தை நினைத்துச் சங்கடப்படுகிறார், வளைவை நினைத்துச் சந்தோஷப்படுகிறார், இரண்டையும் ஒரே முகத்தில் வைத்துக்கொண்டு தினமும் வந்து போகிறார்.

அக்காவுக்கு இன்னொரு கதவு வெட்ட உத்தரவு கேட்கலாமே என்பீர்கள். கேட்கமாட்டேன், மாமா. அந்த வளைவுக்குப் பக்கத்தில் தண்டவாளத்தைச் செருகி ஓட்டை போட என் கை வராது. யார் கேட்டாலும் வராது. ஆகவே தாங்கள் தயவுசெய்து உறுதியில் ஒரேயொரு வரி சேர்க்கவேண்டும்: இடப்பாதியின் வாசல் இரண்டு பாதிக்கும் பொது. அதைச் சேர்த்துவிட்டு, மூத்தவள் இளையவளின் வாசலால் வருவதில் மானக்கேடு ஒன்றுமில்லை என்று அக்காவுக்குத் தனியாக ஒரு கடிதமும் போடுங்கள். நான் சொன்னால் கதிரை என் தலைக்கு வரும். இந்த வரி வந்தால் கலியாணம், வராவிட்டால் இல்லை.

மாமியின் பாதங்களுக்கு என் வணக்கம். தங்கள் ஆசீர்வாதம் எங்கள் மூவருக்கும், முடிந்தால் ஹோப்மன் ஐயாவுக்கும், உண்டாவதாக.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்
லியோ

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் அக்கா வந்தார். கதிரையை விட்டு எழுந்துவிட்டார். தெருவெல்லாம் வந்து பார்த்துப்போகிற வளைவை, ஆள் இல்லாத நேரத்தில் தானும் போய்த் தனியே பார்த்தாராம், கல்லைத் தொட்டும் பார்த்தாராம். இப்போது அவருக்கு வலப்பாதி வேண்டாமாம், இடப்பாதிதான் வேண்டுமாம். “மூத்தவளுக்குத்தானடா மூத்த வாசல்” என்கிறார். செலீன் மறுபடி சாப்பிடாமல் படுத்திருக்கிறாள். ஆகவே மாமா, இந்தக் கடிதத்தை முதலிலிருந்து, அக்கா என்று வரும் இடமெல்லாம் செலீனையும், செலீன் என்று வரும் இடமெல்லாம் அக்காவையும் போட்டு இன்னொருமுறை வாசித்துக்கொள்ளுங்கள். வளைவைப் பற்றி எழுதியதில் மட்டும் ஒரு சொல்லையும் மாற்றவேண்டாம்.