பிரேக் வாத்தியார் விண்ணேறு படலம்

ஆடவர் செய்யும் தீர்மானங்களில் பாதி, கண்ணாடிமுன் நின்று முகம் மழிக்கும்போது பிறக்கின்றன. மழித்து முடித்து வெளியே வந்து மனைவியின் முகத்தைக் கண்டதும் அவை இறக்கின்றன. பிரேக் வாத்தியாரின் தீர்மானமோ அந்த ஞாயிற்றுக்கிழமை குளித்து, உண்டு, நாளிதழைப் புரட்டி முடித்த பின்னரும் உயிரோடு இருந்தது. ஆகவே அதை நிறைவேற்றியே தீருவது என்று அவர் துணிந்தார்.

தீர்மானம் இதுதான். ஆயுள் முடிவதற்குள் ஒரு ஸ்டியரிங்கைத் தம் கையால் பிடித்து, எவர் உத்தரவும் கேளாமல், மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் போகவேண்டும். அலுத்தால் அப்படியே விமானமாகி மேலே எழுந்துவிடவேண்டும்.

ஆசை பெரிதுதான். ஆனால் அவருடைய தொழிலை அறிந்தவர் இரங்குவர். இருபத்திரண்டு ஆண்டுகளாக அவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஆசிரியர். பயிற்சி வண்டியில் ஸ்டியரிங் கற்பவர் கையில் இருக்கும். பக்கத்து இருக்கையில் அமர்ந்த ஆசிரியருக்கு அருளப்பட்டது காலடியில் ஒரு பிரேக் மட்டுமே. பிறர் செய்யும் பிழைகளை மிதித்து நிறுத்துவதே அவர் செய்துவந்த தவம். அதனால் வந்ததே அந்தப் பட்டம்.

வீட்டில் ஒரு சிறிய கார் உண்டு. அதன் சாவி எப்போதும் அவர் சட்டைப் பையில், இதயத்தை ஒட்டியே இருக்கும். பத்தொன்பது ஆண்டு இல்லறத்தில் ஒருநாளும் அதை அவர் மனைவியிடம் தந்ததில்லை. ஆனாலும் என்ன? சாவி அவரிடம் இருந்தது, வழி அம்மையாரிடம் இருந்தது. "மெதுவா." "இங்க திரும்புங்க." "அந்த லாரி போகட்டும்." எல்லாம் அவன் செயல் என்பது ஆன்றோர் வாக்கு. அந்த வீட்டைப் பொறுத்தவரை ஓர் எழுத்தை மட்டும் மாற்றிப் படித்தால் போதும்.

பழைய மாணவர் ஒருவர் வீட்டில்தான் வாத்தியார் அந்தக் காட்சியைக் கண்டார். அலுமினிய ப்ரொஃபைல் சட்டங்களால் ஒரு கட்டுமானம். அதில் இருக்கை, ஸ்டியரிங், பெடல்கள். எதிரே மூன்று திரைகள். ஒவ்வொரு சட்டத்துக்கும் நான்கு பக்கமும் நீளப் பள்ளம். பள்ளத்துக்குள் நட்டு ஓடும், அதில் போல்ட்டை முறுக்கினால் எதுவும் எங்கும் நிற்கும். ஸ்டியரிங்கை மாட்டினால் பந்தயக் கார், விமானக் கைப்பிடியை மாட்டினால் விமானம். திருக்காட்சி கண்ட அடியவர்போல அவர் கண்கலங்கி வீடு திரும்பினார்.

தடை ஒன்றே. அதை நிறுவத் தக்க இடம் பின்னறை. பின்னறையில் நின்றது அம்மையாரின் இஸ்திரி மேசை.

அம்மையார் மருத்துவமனையில் தலைமைச் செவிலியர். நாற்பத்திரண்டு செவிலியருக்கு மாதந்தோறும் பணிமுறைப் பட்டியல் போடுபவர். ஒவ்வொருவரும் தாம் கேட்ட விடுப்பே தமக்குக் கிடைத்ததாக மகிழ்ந்து, அம்மையார் நினைத்த நாளில் வேலைக்கு வந்து நிற்பர். இத்தகையவரிடம் ஓர் அறையைக் கேட்டு வாங்குவது இயலாது. வாத்தியார் தம் தொழில் நுட்பத்தை நம்பினார். கற்பவர், தாமே ஓட்டுவதாக நினைக்கவேண்டும்; பிரேக் நம் காலில் இருக்கவேண்டும். அவ்வளவுதான்.

"இங்க பாரும்மா, ரொம்ப நாளா ஒரு யோசனை" என்று தொடங்கினார்.

"ஐயோ."

"என்ன ஐயோ? இன்னும் சொல்லவே இல்லையே."

"முன்னாடியே சொல்லி வெச்சுட்டேன். அப்புறம் வேலை இருக்கு. சொல்லுங்க."

"நீ வண்டி ஓட்டக் கத்துக்கணும்."

இஸ்திரிப் பெட்டி சட்டைக் கழுத்தில் நின்றது. "யாரு பேசறது? சாவியக் கண்ணுல காட்டாத மகராசனா?"

"அது உன் மேல இருக்கற அக்கறை. ரோட்டுல கத்துக்கறது ஆபத்து. அதனால இந்தப் பின் ரூம்லயே ஒரு வண்டி கட்டப் போறேன். இடிச்சாலும் வலிக்காது, கவுந்தாலும் காயம் படாது. முழுக்க முழுக்க உனக்காக."

"எனக்காகவா?"

"சத்தியமா."

"அப்ப உங்க சட்டைப் பையில இருந்த இந்தச் சாமான் லிஸ்ட்ல விமானக் கைப்பிடின்னு எழுதியிருக்கே? கறிகாய் வாங்க நான் பறந்தா போகப் போறேன்?"

வாத்தியார் தடுமாறவில்லை என்று சொன்னால் அது பொய்யுரைத்த பாவமாகும். "அது வந்து... ஓட்டறவங்களுக்கு ஒரு தூரப் பார்வை வேணும் பாரு. மேல இருந்து பாத்தாதான் அது வரும்."

"சரி, நிஜ வண்டி மாதிரியே இருக்குமா?"

"மாதிரி என்ன மாதிரி! இதுல ஓட்டினா ரோட்டுல ஓட்டினதுக்குச் சமம். வேணும்னா எழுதியே தர்றேன்."

"வேண்டாம். வாயால சொன்னதே போதும்" என்ற அம்மையார், இஸ்திரி மேசையைத் தாமே மடித்துச் சுவரில் சாத்தினார். "ஒண்ணு மட்டும். எனக்காகன்னா என் அளவுக்குக் கட்டுங்க."

வழுவழுப்பான சாலையில்தான் எச்சரிக்கை வேண்டும் என்று மாணவர்க்கு நாள்தோறும் ஓதுபவர் அவர். அன்று தமக்குத் தாமே ஓத மறந்தார்.

சட்டங்கள் வந்தன. வாத்தியார் ஆலன் கீ என்னும் முறுக்குச் சாவியைச் செங்கோல்போல் ஏந்திப் பின்னறைக்குள் புகுந்தார். மாலைக்குள் அடிச்சட்டம் நாற்புறமும் மூடி, இறுகி, கோபுரம்போல் நிமிர்ந்து நின்றது. அம்மையார் வந்து பார்த்தார்.

"நல்லாதான் இருக்கு. சோபாவுக்கு அடியில நாலு நட்டு கிடக்கே, அது எதுக்கு?"

"மிச்சம்."

"அப்ப பெடல் பலகைய எதுல முறுக்குவீங்க?"

வாத்தியார் வாங்கிய வகை நட்டுகளைச் சட்டத்தின் முனை திறந்திருக்கும்போதே பள்ளத்துக்குள் செலுத்திவிடவேண்டும். முனையை மூடியபின் உள்ளே போக வழி கிடையாது. நடைசாத்திய பின் வந்த பக்தர்கள்போல் அந்த நால்வரும் வெளியே நின்றனர். வாத்தியார் எல்லாவற்றையும் கழற்றினார். நான்கையும் உள்ளே விட்டார். மூடினார். இப்போது இருக்கையின் நட்டுகள் வெளியே இருந்தன. மூன்றாம் முறை அம்மையாரே முக்காலி போட்டு அமர்ந்து, நோயாளிக்கு மாத்திரை கொடுப்பதுபோல் ஒவ்வொரு நட்டாக எண்ணி எடுத்துத் தந்தார். அம்முறைதான் தேறியது.

அளவிலும் ஒரு சிக்கல். அம்மையார் ஐந்தடிக்குச் சற்றே குறைவு. வாத்தியாரோ வாசல் நிலைக்குத் தலைவணங்கி நுழைபவர். பெடல்கள் அம்மையாரின் காலுக்கு நின்றன. வாத்தியார் உள்ளுக்குள் நகைத்துக்கொண்டார். எத்தனை மாணவரைப் பார்த்திருக்கிறோம்! பத்து நாளில் அலுத்துவிடும். பிறகு ஆலன் கீயை நான்கு திருப்புத் திருப்பினால் விண்ணும் மண்ணும் நமக்கே.

திங்கட்கிழமை பின்னறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பணிமுறைப் பட்டியல். எல்லா மாலைகளும் அம்மையாருக்கு. செவ்வாய், வியாழன் காலை ஆறரை முதல் ஏழரை வரை வாத்தியாருக்கு.

"வாரத்துக்கு ரெண்டு மணி நேரம்தானா எனக்கு?"

"யாருக்காகக் கட்டினீங்க?"

"உனக்காகத்தான்."

"அப்புறம் உங்களுக்கு எதுக்கு?"

"சும்மா... சரியா ஓடுதான்னு சோதிச்சுப் பாக்க."

"சோதனைக்கு ரெண்டு மணி தாராளம். அந்த நேரத்துல நான் நடக்கப் போயிடறேன். தொந்தரவே இருக்காது. காதுல ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு நிம்மதியா ஓட்டுங்க. சீட்டை மட்டும் நகத்தாதீங்க. சீட் மாறினா கத்தது மாறும்னு நீங்கதான சொல்வீங்க?"

இவ்வளவு அன்பான மனைவி எவருக்கு வாய்க்கும் என்று அவர் நெஞ்சம் நெகிழ்ந்தது. செவ்வாயும் வியாழனும், முழங்கால்கள் காதைத் தொட, யோகநிலையில் அமர்ந்த முனிவர்போல் அவர் பந்தயச் சாலைகளில் பறந்தார். காதை மூடிய கருவியில் இயந்திரம் முழங்கியது. ஏழரைக்கு அம்மையார் நடந்துவிட்டு வந்து கதவைத் தட்டுவார்.

"நடந்துட்டு வர்ற, துளிகூட வேர்க்கலையே?"

"குளிர்காலம்ங்க."

மாலையில் அம்மையார் ஓட்டுவார். சீக்கிரம் அலுப்பூட்டும் எண்ணத்துடன் வாத்தியார் கடும் பாடங்களாக வைத்தார். முதலில் பெருமழை. அடுத்து மூடுபனி. ஏற்றத்தில் அரைக் கிளட்சில் நிறுத்திப் பின்னுக்கு உருளாமல் எடுப்பது. இரண்டு பேருந்துகளுக்கு நடுவே பின்னோக்கி நுழைப்பது. அம்மையார் முதல் நாள் ஏழு பேருந்தை இடித்தார். மூன்றாம் வாரம் ஒன்றையும் தொடவில்லை.

"இன்னும் கஷ்டமா ஏதாவது இருந்தா வைங்க."

இங்கேதான் விதி விளையாடியது. கணவரின் சூழ்ச்சியை ஆசிரியரின் பெருமிதம் விழுங்கிவிட்டது. அலுப்பூட்ட வந்தவர் அடியெடுத்துக் கொடுக்கத் தொடங்கினார். ஏமாற்ற வந்தவர் ஏணியானார். "கண்ணாடியப் பாரு... ஆங், அப்படி... அட, அட! இருபத்திரண்டு வருஷத்துல இப்படி ஒரு ஸ்டூடண்ட் எனக்குக் கிடைச்சதே இல்ல!" என்று கூவியும் விட்டார். அம்மையார் அடக்கமாகப் புன்னகை செய்தார்.

பள்ளியிலும் ஒரு மாற்றம் தெரிந்தது. இரண்டாம் வண்டியின் ஆசிரியை அவரைக் காணும்போதெல்லாம் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். பல்வலி போலும் என்று வாத்தியார் இரக்கப்பட்டார்.

ஒன்பதாம் வாரம், ஞாயிறு காலை, அந்த அற்புதம் நிகழ்ந்தது.

"எனக்குப் போதும்ங்க" என்றார் அம்மையார். "அலுத்துப் போச்சு. இனி நீங்களே வெச்சுக்குங்க."

"நிஜமாவா?"

"அந்தத் தாளைக் கிழிச்சுட்டேன். சீட்டையும் உங்க கால் நீளத்துக்குத் தக்கபடி பின்னாடி தள்ளி முறுக்கிட்டேன். விமானமும் மாட்டியாச்சு. உக்காருங்க."

வாத்தியார் அமர்ந்தார். கால்கள் நீண்டன. ஒன்பது வாரம் மடங்கிக் கிடந்த முழங்கால்களுக்கு வீடுபேறு கிட்டியது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பர். இவருக்கு வானமே கிட்டிவிட்டது. தம் சூழ்ச்சி சற்றுத் தாமதமாயினும் பலித்தது என்றே அவர் நம்பினார். விமானம் ஓடுதளத்தில் விரைந்தது, எழுந்தது, மேகத்தைக் கிழித்தது. கீழே நீலக் கடல். முன்னூறு பயணிகள் பின்னால் இருப்பதாகத் திரை சொன்னது. ஒருவரும் "மெதுவா" என்று சொல்லவில்லை.

யாரோ தோளைத் தட்டினர். வெளியே போகும் உடுப்பில் அம்மையார் நின்றார். வாத்தியார் ஒரு காதை மட்டும் திறந்தார்.

"உங்க சட்டைப் பையில இருந்து சாவிய எடுத்துக்கறேங்க."

"எந்தச் சாவி?"

"கார்ச் சாவி. அக்கா வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்."

விமானம் ஒருபக்கமாகச் சாய்ந்தது. முன்னூறு பேரும் சாய்ந்திருப்பர். "என்ன விளையாட்டு இது! லைசென்ஸ் இல்லாம வண்டிய எடுத்தா..."

அம்மையார் கைப்பையைத் திறந்து அட்டையை நீட்டினார். அதில் அம்மையாரின் முகம் அடக்கமாகப் புன்னகை செய்தது.

"இது எப்படி? எப்ப? யாரு கத்துக் கொடுத்தா?"

"கத்துக் கொடுத்தது நீங்க. ரோட்டுல ஓட்ட வெச்சது உங்க ரெண்டாம் வண்டி டீச்சர். செவ்வாயும் வியாழனும், ஆறரையில இருந்து ஏழரை."

"நடக்கப் போனியே!"

"முக்கு வரைக்கும் நடந்துதான் போனேன். அங்கதான் வண்டி நிக்கும்."

"ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருந்தா நான் ஒத்துக்கிட்டே இருக்க மாட்டேன்!"

"அதனாலதான் கேக்கல. ஆனா நீங்க ஒத்துக்கிட்டீங்களே. சனிக்கிழமை டெஸ்ட் ஃபாரமெல்லாம் கட்டா வரும்ல? 'இவர் நன்றாக ஓட்டுகிறார்'னு முப்பது கையெழுத்து போட்டீங்க. அதுல பதினெட்டாவது என்னோடது. போட்டோகூட ஒட்டியிருந்துச்சு."

"நான் எங்க பாத்தேன்!"

"பத்தொன்பது வருஷமா எதிர்லயே இருக்கேன். என்னைக்குப் பாத்தீங்க?"

வாத்தியார் எழ முற்பட்டார். அம்மையார் தோளை மெல்ல அழுத்தினார். "நடு வானத்துல விட்டுட்டு எழுந்திருக்கலாமா? பின்னாடி முன்னூறு பேர் இருக்காங்க. நிஜத்துக்குச் சமம்னு சொன்னது யாரு?"

அவர் கைப்பிடியைப் பற்றியபடியே இருந்தார். அம்மையார் அகன்றார். வெளியே இயந்திரம் உயிர்பெறும் ஓசை கேட்டது. அந்த வீட்டின் வாயில் குறுகலானது; வண்டியைப் பின்னோக்கி எடுக்க வாத்தியாருக்கே மூன்று முயற்சி வேண்டும். அவர் காதைத் தீட்டிக் காத்திருந்தார். ஓர் உரசல், ஒரு முட்டல், ஒரே ஓர் "ஐயோ" கேட்டாலும் போதும். எதுவும் கேட்கவில்லை. வண்டி ஒரே மூச்சில் வெளியேறி, தெருமுனையில் ஒழுங்காக ஒலியெழுப்பித் திரும்பியது. ஆசிரியரின் நெஞ்சு அவரையும் மீறி "சபாஷ்" என்றது. கணவரின் நெஞ்சு அதை உடனே அடக்கியது.

அரைமணி கழிந்து தொலைபேசி மணி அடித்தது. வாத்தியார் ஒரு கையால் விமானத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எடுத்தார்.

"அக்கா வீட்டுக்கு வந்துட்டேங்க. வண்டிய நிழல்ல நிறுத்தியிருக்கேன். நீங்க எங்க இருக்கீங்க?"

வாத்தியார் மூன்று திரைகளையும் பார்த்தார். "கடலுக்கு மேல" என்றார்.

"அவசரமில்ல, மெதுவா வாங்க. நான் வரச் சாயங்காலம் ஆகும். ஆமா, மொட்டை மாடியில துணி காயுது. மழை வருமா வராதான்னு எனக்கு இங்க இருந்து தெரியல. நீங்கதான் மேல இருக்கீங்களே, பாத்து எடுத்து மடிச்சு வெச்சுடுங்க."